அலங்குத் தலைவரும் காடையின் வரிசையும்

காட்டாறு வற்றிப் போயிருந்தது. கரைக்குக் கரை மணல்தான் கிடந்தது. அந்த மணலின் நடுவே ஒரே ஓர் ஊற்று இருந்தது. காட்டு விலங்குகள் எல்லாம் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தன.

ஊற்றுக்குத் தலைவர் ஓர் அலங்கு. அலங்கு என்றால் எறும்பு தின்னும் பிராணி. உடம்பெல்லாம் செதில். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. கண்பார்வையும் மங்கல். யாராவது அதட்டினால் போதும், பந்துபோலச் சுருண்டுகொள்வார். ஆனால் அவருடைய நகங்கள்! ஒவ்வொன்றும் ஒரு மண்வெட்டி. மணல் சரியச் சரிய விடாமல் தோண்டத் தெரிந்தவர் அந்தக் காட்டில் அவர் ஒருவரே.

கோடை தொடங்கியபோது விலங்குகள் கூடி அவரைத் தேர்ந்தெடுத்தன. வாலைத் தூக்குவதுதான் வாக்கு. அலங்குக்கு நிறைய வால்கள் எழுந்தன. மயிலுக்குக் கொஞ்சம் எழுந்தன. குரங்குக்கு ஒரே ஒரு வால் எழுந்தது. அது குரங்கினுடைய வால்.

காடையும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தது. அது மயிலுக்குத்தான் வாலைத் தூக்கியது. ஆனால் காடையின் வால் தூக்கினாலும் தெரியாது, தொங்கவிட்டாலும் தெரியாது. அந்த வாக்கு எண்ணிக்கையில் சேரவில்லை.

தலைவர் ஒரு முறை வகுத்தார். பொழுது சாயும் நேரத்தில் அவர் ஊற்றைத் தோண்டுவார். விலங்குகள் தள்ளி வரிசையில் நிற்க வேண்டும். அவர் மணலில் காதை வைத்துக் காலடிச் சத்தம் கேட்பார். கேட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்.

"அடுத்தது கடமான்! வாங்க!"

கூப்பிட்ட பிறகுதான் இறங்க வேண்டும். விளிம்பில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. நின்றால் மணல் சரியும்.

நல்ல முறைதான். அதில் ஒரே ஒரு குறை இருந்தது. காடை நடந்தால் சத்தமே கேட்காது.

முயல் கெட்டிக்கார முயல். பின்காலைத் தரையில் தட்டிச் சமாளித்துக்கொண்டது. காடையின் குட்டைக் கால் தட்டினாலும் சத்தம் வராது. "ஐயா, நான் இருக்கிறேன்!" என்று கூப்பிட்டுப் பார்த்தது. பன்றிகளின் உறுமலில் அந்தக் குரல் எங்கே எடுபடும்? காலடிகள் ஓய்ந்ததும், இனி யாரும் இல்லை என்று தலைவர் மேலே ஏறுவார். அவர் ஏறும்போதே மணல் சரிந்து ஊற்று மூடிவிடும். காடைக்கும் அதன் ஆறு குஞ்சுகளுக்கும் மிஞ்சுவது ஈர மணல். அதைக் கொத்திக் கொத்தி நாக்கை நனைத்துக்கொள்வார்கள்.

வெயில் ஏற ஏற அந்த ஈரமும் குறைந்தது. ஒருநாள் இரண்டு குஞ்சுகள் இறகு தொங்கிப் படுத்துவிட்டன. இன்று தண்ணீர் கிடைக்காவிட்டால் அவை பிழைக்காது என்று காடைக்குத் தெரிந்தது.

காடைக்கு ஆண்டவரிடம் பேசும் பழக்கம் உண்டு. ஊற்றுக்குப் புறப்படும் முன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு ஜெபித்தது.

"ஆண்டவரே, எங்கள் தலைவருக்கு நல்ல சுகம் கொடும். நல்ல புத்தி கொடும். நல்ல காதும் கொடும்."

"அம்மா! சுகமும் புத்தியும் அவர் மெதுவாக வாங்கிக்கொள்ளட்டும். காதை மட்டும் இன்றைக்கே கேளுங்கள்!" என்றது ஒரு குஞ்சு.

"ஜெபத்தின் நடுவில் பேசக் கூடாது."

"அந்தச் செதில் உருண்டைக்காக நாம் ஏன் ஜெபிக்க வேண்டும்?"

"உருண்டை கிருண்டை என்றால் வாயிலே கொத்துவேன்! தலைவர் என்று சொல்."

"நீங்கள் மயிலுக்குத்தானே வாலைத் தூக்கினீர்கள்?"

"ஆமாம். ஆனால் தலைவரானவர் இவர். ஆண்டவர் விடாமல் இவர் அந்த இடத்துக்கு வந்திருக்க முடியுமா? இன்று நான் அவர் பக்கத்திலேயே போய் நம் குறையைச் சொல்லப் போகிறேன். நீங்கள் புதருக்குள் சத்தம் போடாமல் இருங்கள்."

"சத்தம் போட்டால்தானே அம்மா அவருக்குக் கேட்கும்?"

காடைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு புறப்பட்டது.

வழியில் குரங்கு உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுவதும் காய்ந்த தேக்கிலைகளைக் கொடியால் கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காட்டுப்பன்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

"காடையக்கா! நான் யார், சொல்லு பார்க்கலாம்!" குரங்கு கண்ணைச் சுருக்கியது. காதைத் தரையில் வைத்தது. "அடுத்தது... கல்! வாங்க கல்லாரே! என்ன, வரமாட்டீர்களா? சரி, அடுத்தது... குட்டிச்சுவர்! வாங்க!"

பன்றி உருண்டு புரண்டது. "ஐயோ, அப்படியே தலைவர்தான்! இன்னொரு தடவை செய்யப்பா!"

"நான் அவசரமாகப் போகிறேன் தம்பி," என்றது காடை.

"எங்கே?"

"தலைவரிடம். என் பிள்ளைகளுக்கு வரிசை கிடைக்கவில்லை. அதைச் சொல்ல."

குரங்கு துள்ளி எழுந்தது. "சொல்லவா? யாராவது சொல்வார்களா? உன் பிள்ளைகள் எந்த அளவுக்கு வாடியிருக்கிறார்கள்?"

"இரண்டு பேர் படுத்துவிட்டார்கள்."

"அடடா, அடடா! நல்லதாகப் போயிற்று! அந்த இரண்டு பேரையும் கொண்டு வா. பாறைமேல் வைக்கிறேன். எல்லோரும் பார்க்கட்டும். நான் பக்கத்தில் நின்று பேசுகிறேன். இன்றைக்கே அந்த ஆள் தலைவர் பதவியிலிருந்து இறங்குவார்!"

"என் பிள்ளைகளின் தாகம் உன் பேச்சுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் இல்லை," என்றது காடை.

பன்றி முன்னால் வந்தது. "எதற்கக்கா இந்தப் பாடு? அவருக்குக் கண்ணே தெரியாது. வரிசைக்கு நடுவில் நைசாகப் புகுந்து குடித்துவிட்டுப் போயேன். யார் கேட்கப் போகிறார்?"

"அவர் கேட்க மாட்டார். முறை என்று ஒன்று இருக்கிறதே!"

"முறையாம் முறை!" குரங்கு கையைத் தட்டியது. "அவர் உன் குஞ்சை நெருப்பில் போடு என்றால் போடுவாயா?"

"மாட்டேன். போட மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். ஆனால் அவர் அப்படியா சொன்னார்? வரிசையில் நில் என்றுதானே சொன்னார்? அதில் என்ன பாவம் இருக்கிறது?"

பதில் வராதபோது குரங்கு பல்லைக் காட்டும். அப்படியே காட்டிவிட்டு ஊற்றை நோக்கி ஓடியது. பன்றியும் பின்னாலேயே ஓடியது. காடையின் குட்டைக் கால்களால் அவர்களை முந்த முடியவில்லை. இறகு விரித்துப் பறந்தது. இரண்டு புதர் தாண்டியதும் மூச்சு வாங்கியது. தாகத்தில் அதற்கும் தெம்பு இல்லை. மீதி வழியை நடந்தே கடந்தது.

அது போய்ச் சேருவதற்குள் வேடிக்கை தொடங்கிவிட்டது.

தலைவர் பள்ளத்துக்குள் தோண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் இப்போதுதான் கசியத் தொடங்கியிருந்தது. விலங்குகள் வரிசையில் நின்றன. தேக்கிலை கட்டிய குரங்கு வரிசைக்கு முன்னால் வந்து காதை மணலில் வைத்தது.

"அடுத்தது... காற்று! வாங்க!"

மான்கள் சிரித்தன. முயல் சிரித்துச் சிரித்துப் பின்காலைத் தட்டியது. தலைவருக்கு அது காலடியாகக் கேட்டது.

"அடுத்தது முயல்! வாங்க!" என்றார் அவர், பள்ளத்துக்குள்ளிருந்து.

"பார்த்தீர்களா! நான் சொன்னது போலவே சொல்கிறார்!" குரங்கு குதித்தது. "நண்பர்களே! காடையின் குஞ்சுகள் சாகக் கிடக்கின்றன. இவருக்குத் தெரியுமா? தெரியாது! இவர் தலைவரா? பல் இல்லாதவர்! கண் இல்லாதவர்! இவர் கூப்பிட்டால்தான் நாம் குடிக்க வேண்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்தியது பன்றி. "வரிசையாவது ஒன்றாவது! இறங்குங்கள்!"

பன்றி இறங்கியது. கடமான் இறங்கியது. முயல், நரி, மான் கூட்டம் எல்லாம் இறங்கின. விளிம்பு அத்தனை பேரையும் தாங்குமா? ஒருபக்கம் சரிந்தது. மறுபக்கமும் சரிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் ஊற்று இருந்த இடத்தில் மணல் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தலைவர் மட்டும் இடுப்பளவு மணலில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"தோண்டும்!"

"சீக்கிரம் தோண்டும்!"

"என்ன நின்றுகொண்டிருக்கிறீர்? எல்லாம் உம்மால்தான்!"

"தோண்டடா கிழவா!" இது பன்றி.

தலைவர் சுருண்டுகொண்டார்.

தலை உள்ளே போயிற்று. கால்கள் உள்ளே போயின. வால் மேலே வந்து மூடிக்கொண்டது. ஊற்றுக் கண்ணின்மேல் குடத்துக்கு மூடி போட்டதுபோலச் செதில் பந்து ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நானே தோண்டுகிறேன்!" என்று பன்றி பக்கத்தில் மூக்கால் கிளறியது. கிளறக் கிளற மணல் உள்ளே விழுந்தது. மூக்குக்குள்ளும் விழுந்தது. பன்றி தும்மியது. அந்தத் தும்மலில் இன்னும் கொஞ்சம் மணல் விழுந்தது.

"இவரை முதலில் பிரிப்போம்!" என்று செதிலுக்கு அடியில் மூக்கை நுழைத்தது. செதில் கத்தி மாதிரி இருந்தது. "ஐயோ, என் மூக்கு!" என்று பின்வாங்கியது.

"முரட்டு வேலை உதவாது. மூளை வேண்டும்," என்றது குரங்கு. "கிச்சுக்கிச்சு மூட்டினால் யாராக இருந்தாலும் திறந்துவிடுவார்கள். கை உள்ளே போகாது. வால் போகும். பாருங்கள்!"

வால் நுனியைச் செதில்களுக்கு இடையே நுழைத்து ஆட்டியது. தலைவருக்குக் கூசியது. அவர் இன்னும் இறுக்கிக்கொண்டார். வால் மாட்டிக்கொண்டது.

"விடு! விடும்! யோவ், விடுய்யா!"

பந்து இன்னும் இறுகியது.

"குரங்கே, கத்தாதே. மரியாதையாகக் கேள்," என்றது கடமான்.

குரங்கு மூச்சை இழுத்துவிட்டது. "ஐயா... பெரியவரே... எங்கள் தலைவரே..." என்று தொடங்கியது. பழக்கம் விடவில்லை. "...பொக்கைவாயரே!" என்று முடிந்துவிட்டது.

பந்து இறுகிய இறுக்கத்தில் குரங்கின் கண்கள் வெளியே வந்தன.

அப்போதுதான் காடை வந்து சேர்ந்தது. மூடிக்கிடந்த ஊற்றைப் பார்த்தது. அதற்கு அழுகை வந்தது. புதருக்குள் படுத்திருக்கும் இரண்டு குஞ்சுகளின் முகம்தான் கண்முன் நின்றது.

"அக்கா, நீ பேசிப் பாரேன்," என்றது முயல்.

"பேசத்தான் வந்தேன். முதலில் எல்லோரும் மேலே ஏறி வரிசையில் நில்லுங்கள்."

"தண்ணீரே இல்லை. வரிசை எதற்கு?" என்றது பன்றி.

"அவர் போட்ட முறை அது. அதை நாம் குலைத்துவிட்டு அவரிடம் என்ன முகத்தோடு கேட்பது?"

விலங்குகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. கடமான் முதலில் ஏறியது. மற்றவையும் ஏறின. குரங்கால் ஏற முடியவில்லை. அது இருந்த இடத்திலேயே நேராக நின்றது.

காடை பந்தின் பக்கத்தில் போய்த் தலை குனிந்தது. செதில் இடுக்கில் வாயை வைத்துப் பேசியது.

"தலைவர் ஐயா, வணக்கம். நான் காடை."

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "யார்?"

"காடை ஐயா."

"காடையா? இந்தக் காட்டில் காடை இருக்கிறதா? உன் காலடியை நான் ஒருநாளும் கேட்டதில்லையே!"

"அதைச் சொல்லத்தான் வந்தேன் ஐயா. நாங்கள் தினமும் வரிசையில்தான் நிற்கிறோம். எங்கள் காலடி உங்களுக்குக் கேட்பதில்லை. நீங்கள் கூப்பிடுவதில்லை. கோடை தொடங்கியதிலிருந்து நாங்கள் ஈர மணலைத்தான் கொத்துகிறோம். என் பிள்ளைகளில் இரண்டு பேர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்கள். உங்கள் முறையில் இது ஒரு குறை ஐயா. தப்பாக நினைக்கக் கூடாது."

உள்ளிருந்து வந்த குரல் இன்னும் மெலிந்துபோயிருந்தது.

"இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?"

"எல்லோரும் சொன்னார்கள் ஐயா. உங்களிடம்தான் சொல்லவில்லை."

வரிசையில் நின்ற மான்கள் தரையைப் பார்த்தன. முயல் காலை மடக்கிக்கொண்டது.

"நான் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றது உள்ளிருந்த குரல். "எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குக் கேட்டது. கண்தானே மங்கல்? நான் தலைவராக இருக்க வேண்டாம் காடையம்மா. குரங்கு நன்றாகப் பேசுகிறது. அதுவே தலைவராக இருக்கட்டும்."

வரிசை முழுவதும் குரங்கைப் பார்த்தது.

"குரங்கே, நீ தோண்டுவாயா?" என்றது கடமான்.

குரங்கு தன் நகங்களைப் பார்த்தது. பிறகு தன் வாலைப் பார்த்தது. "நானா? வேண்டவே வேண்டாம்! அவரே நூறு வருஷம் இருக்கட்டும்! என் வாலை மட்டும் விடச் சொல்லுங்கள்!"

"ஐயா," என்றது காடை, "நான் உங்களுக்கு வாக்களிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மயிலுக்குத்தான் போட்டேன். ஆனாலும் நீங்கள்தான் எங்கள் தலைவர். இன்று புறப்படும் முன்பும் உங்களுக்காக ஜெபித்தேன். மயில் அழகாக ஆடும். ஊற்றுத் தோண்ட அதற்குத் தெரியுமா? ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த நகம் இது. நாங்கள் சிரித்தது தப்பு. அதற்காக நீங்கள் சுருண்டுகிடந்தால் என் பிள்ளைகள் செத்துப்போவார்கள்."

பந்து அசைந்தது. முதலில் வால் விலகியது. குரங்கு தன் வாலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப் பக்கத்திலிருந்த மரத்தில் பாதி உயரம் ஏறிவிட்டது. பிறகு கால்கள் வந்தன. கடைசியில் தலை வந்தது.

தலைவர் வரிசையின் பக்கம் திரும்பினார். அவருக்கு ஒரே மங்கலாகத் தெரிந்தது. "என் மேலும் தப்பு இருக்கிறது. உங்களிடம் நான் குறை கேட்டிருக்க வேண்டும். இனி பொழுது சாயும்போது முதலில் குறை கேட்பேன். பிறகுதான் தோண்டுவேன்."

பன்றி கீறிப்போன மூக்கோடு தலை குனிந்து நின்றது. "ஐயா, நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்."

"குரலை வைத்தே தெரிந்துகொண்டேன் தம்பி. உன் உடம்பு கனமான உடம்பு. சரிந்த மணலை அந்தப் பக்கம் நின்று அணைகட்டினதுபோலத் தாங்கிப் பிடி. நான் தோண்டுகிறேன்."

பன்றி மறுபேச்சுப் பேசாமல் மணலில் சாய்ந்து படுத்தது. தலைவர் தோண்டினார். மணல் இரண்டு பக்கமும் பறந்தது. மேலே மரத்தில் இருந்த குரங்கின் முகத்திலும் விழுந்தது. அது துடைத்துக்கொண்டது.

தண்ணீர் வந்தது. முதலில் கலங்கலாக வந்தது. பிறகு தெளிந்தது.

"அக்கா, நீதானே பேசி வரவழைத்தாய்? உன் பிள்ளைகளுக்கு இனி தினமும் முதல் இடம் கேட்டு வாங்கிக்கொள்," என்றது முயல்.

"முதல் இடம் வேண்டாம். ஓர் இடம் போதும்," என்றது காடை.

தலைவர் யோசித்தார். "வாடிக்கிடக்கிறவர்கள் இன்று முதலில் குடிக்கட்டும். நாளையிலிருந்து காலடி கேட்காதவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று குரல் கொடுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. காடை! வாங்க!"

கடமான் புதருக்குப் போய், எழுந்திருக்க முடியாத இரண்டு குஞ்சுகளையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. மற்ற குஞ்சுகள் பின்னால் ஓடி வந்தன. காடை தன் அலகில் தண்ணீர் எடுத்து அந்த இரண்டு பேருக்கும் ஊட்டியது. ஒன்று கண் திறந்தது. இன்னொன்று கண் திறந்ததும், "இன்னும்!" என்றது. அம்மாவுக்கு உயிர் வந்தது. மற்றவையும் விளிம்பில் ஒவ்வொன்றாக வந்து குடித்தன.

தலைவர் காதை மணலுக்குப் பக்கத்தில் வைத்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அலகு தண்ணீரில் படும் சத்தத்தை எண்ணினார்.

"காடையம்மா, உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்?"

"ஆறு ஐயா."

"ஐந்து பேர்தானே குடித்திருக்கிறார்கள்?"

காடை திரும்பிப் பார்த்தது. எல்லோரிலும் சின்னதான குஞ்சு வரிசைக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. ஆனாலும் கால் அசையவில்லை.

"வாடா! ஏன் நிற்கிறாய்?" என்றது காடை.

"காடை வாங்க என்றார். அது நீங்கள். என்னை இன்னும் அவர் கூப்பிடவில்லையே அம்மா!"

விலங்குகள் எல்லாம் சிரித்தன. தலைவரும் சிரித்தார். பல் இல்லாத வாய் நன்றாகத் தெரிந்தது. யாரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மணலிலிருந்து காதை எடுத்தார். மணலைத் தட்டிவிட்டு நேராக நின்றார். ஒரு பெரியவரைக் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிட்டார்.

"அடுத்தது சின்னக் காடையார்! வாங்க!"

சின்னக் காடையார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

நமக்குமேல் வைக்கப்பட்டவரை, நாம் விரும்பித் தேர்ந்தெடுக்காவிட்டாலும், மதித்துக் கீழ்ப்படிந்து அவருக்காக ஜெபிக்க வேண்டும். அவரிடம் குறை கண்டால் ஊரைக் கூட்டிச் சிரிக்காமல், அவரிடமே போய்ப் பணிவாக உண்மையைச் சொல்ல வேண்டும்.